தியானத் தண்ணி

அவர் கோபப்பட்டு நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. அவர்மேல் எனக்குள்ள கோபம் இன்னும் ஆறாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

எங்கள் தோட்டம் ஓப்பநாயக்கவிலிருந்து மேலே ஏறும் பாதையில் இருக்கிறது. அங்கே அவர் டீமேக்கர். கொழுந்து வந்து இறங்கியதிலிருந்து தேயிலையாகி லொறியில் ஏறும்வரை எல்லாம் அவர் பொறுப்பு. தேயிலைத் தொழிற்சாலையைத் தோட்டத்தில் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். அந்த ஸ்டோரில் பாக்கெட் கட்டும் அறையில் எனக்கு வேலை. உயர்தரப் பரீட்சை எழுதி ஒரே ஒரு பாடத்தில் தேறியவள் நான். அதற்கே "படிச்ச புள்ள" என்று கூப்பிடுவார். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. என் பெயர் கெட்ட நாளில் தன் பெயரை அவர் அவ்வளவு பத்திரமாகப் பார்த்துக்கொண்டார். அந்தச் சிரமத்தை நான் ஏன் வீணாக்க வேண்டும்?

ஸ்டோரில் ஒரு பக்கத்தைப் பச்சைத் தேயிலை செய்வதற்கென்று ஒதுக்கியிருந்தார்கள். கொழுந்தை வாட விடாமல், கறுக்க விடாமல், வந்த சூட்டோடு ஆவியில் காட்டிக் காய வைப்பது. மற்றவர்கள் சீனியைக் கையில் வைத்துக்கொண்டு பால் இல்லாத சாயத் தண்ணி குடிக்கிற நேரத்தில் அவர் தன் மேசையில் ஒரு கேத்தலை இறக்கி வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார். பச்சைத் தேயிலைக்குக் கொதிக்கிற தண்ணீர் ஆகாது. கொதித்ததை இறக்கி, ஆவி தணிந்து, கேத்தல் மூடியில் விரல் வைக்கலாம் என்றான பிறகுதான் ஊற்ற வேண்டும். அவசரப்பட்டால் துவர்த்துப் போகும். "கொதி அடங்கட்டும்" என்பார். அதுதான் அவருடைய வார்த்தை.

தேத்தண்ணிக்கு மட்டும் சொன்னால் பரவாயில்லை. எல்லாவற்றுக்கும் சொல்வார். ரோலர் பட்டி அறுந்து நாலு பேர் ஓடி வந்தால் கொதி அடங்கட்டும். தோட்டத்து மேனேஜர் பெரிய துரை டெலிபோனில் கத்தினால், ரிசீவரைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்து உதட்டசைவில் கொதி அடங்கட்டும். ஒரு தடவை மெக்கானிக்கும் சல்லடைக்காரரும் சண்டை போட்டு ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டார்கள். இவர் நடுவில் போய் நின்று ஆளுக்கொரு கோப்பையை இரண்டு கையிலும் பிடிக்கக் கொடுத்தார். பிடி இல்லாத கோப்பை, வாய்வரை தேத்தண்ணி. கீழே சிந்தாமல் பிடித்துக்கொண்டு யார் யாரை அடிப்பது? இரண்டு பேரும் முறைத்துக்கொண்டே குடித்து முடித்தார்கள். கடைசியில் மெக்கானிக்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு நானும்தான் சிரித்தேன். எனக்கு அவரை நிரம்பப் பிடிக்கும். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் நியாயமில்லை.

அந்த மழைக்காலத்தில்தான் எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் மண்திட்டு சரிந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எங்கள் கோழிக்கூடும் அடுப்படிச் சுவரும் போயின. சுவரைத் திரும்பக் கட்டியாகிவிட்டது. எனக்குள் என்ன இடிந்ததோ அதைக் கட்ட யாராலும் முடியவில்லை. தகரத்தில் நாலு துளி விழுந்தால் போதும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், கை நடுங்கும், தூக்கம் போய்விடும். இரத்தினபுரிப் பக்கத்தில் பிறந்துவிட்டு மழைக்குப் பயந்தால் எப்படிப் பிழைப்பது? ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்து மாதம் ஒருமுறை வரச் சொன்னார்கள்.

ஒரு நாள் மழை இறங்கும்போது என் கையிலிருந்த பாக்கெட் விழுந்து தேயிலை தரையெல்லாம் கொட்டிவிட்டது. அவர் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டவில்லை. மேசைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"குடி புள்ள. மெதுவா."

"கசக்குங்களா ஐயா?"

"கசக்காது. இதுல தியானின்னு ஒரு சத்து இருக்குது. வேருல உண்டாகி மேல தளிருக்கு ஏறும். வெயில் பட்டா மாறித் துவர்ப்பாப் போயிரும். நெழல்ல வளந்தா அப்புடியே நிக்கும். மனுசன் குடிச்சா மூளைக்குப் போயி மனச கொஞ்சம் தளத்தி விடும். ஆனா தூங்க வைக்காது. முழிச்சிக்கிட்டே அமைதியா இருக்கலாம்."

நான் குடித்தேன். பச்சைப் பட்டாணி அவித்த தண்ணீர் மாதிரி ஒரு மணம். மழை பெய்துகொண்டுதான் இருந்தது. ஆனால் கை நடுக்கம் நின்றது. சத்தினாலா, ஒரு பெரிய மனிதர் வேலையை விட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து பேசியதாலா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு தினமும் ஒரு கோப்பை எனக்கு உண்டு. தியானின் என்ற பெயர் பாக்கெட் அறைப் பெண்கள் வாயில் புகுந்து தியானமாக வெளியே வந்தது. "இவளுக்கு தியானத் தண்ணி குடிக்கிற நேரமாச்சு, யாரும் சத்தம் போடாதீங்கடி" என்று கண்ணை மூடிக் கைகூப்பிக் காட்டுவார்கள். ஒருத்தி அதைக் குடித்தால் முருகன் தெரிவாரா என்று அவரிடமே கேட்டாள். "ஒரு கோப்பைக்குத் தெரியமாட்டாரு" என்றார்.

ஆஸ்பத்திரி டொக்டரிடமும் கேட்டேன். குடிப்பதில் தப்பில்லை, ஆனால் அதை நம்பி மாத்திரையை விட்டுவிடாதே என்றார். ஒரு கோப்பையில் அந்தச் சத்து கொஞ்சம்தான் இருக்கும், கூடவே தூக்கத்தைக் கெடுக்கிற கஃபீனும் இருக்கிறது, அதனால் பின்னேரத்துக்கு மேல் வேண்டாம், இரும்புச்சத்து மாத்திரை போடுகிற நேரத்திலும் வேண்டாம். இதை அவரிடம் வந்து சொன்னபோது, "டொக்டர் சொல்றதுதான் சரி" என்று சந்தோஷப்பட்டார். அப்படிப்பட்ட மனிதர்.

எவ்வளவு சரியான மனிதர் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். பாக்கெட்டில் தமிழில் எழுத இரண்டு வரி வேண்டுமென்று என்னிடம் கேட்டார். நான் பெருமையோடு 'மனப் பதற்றம் தீரும்' என்று எழுதிக் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வாசித்தார்.

"தீரும்னு ஒனக்குத் தெரியுமா?"

"எனக்குக் கொறஞ்சிச்சுங்க."

"ஒனக்குக் கொறஞ்சா எல்லாருக்கும் தீருமா? அப்புடி எழுதுனா பொய். 'மனதுக்கு அமைதி தரலாம்'னு எழுது. அந்த 'லாம்' கட்டாயம் இருக்கணும் புள்ள. தெரியாதத தெரிஞ்ச மாதிரி சொல்லக் கூடாது. அந்த 'லாம்'லதான் நம்ம நேர்மை இருக்குது."

நான் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் இதைப் பாடமாக ஒப்பித்தேன். அம்மா கொழுந்து எடுக்கிறவள். "படிச்சவங்க பேச்சு" என்று சொல்லிவிட்டு உளுந்து களைந்தாள். ஆனால் அவளுக்கும் அவர்மேல் ஒரு மரியாதை ஏறிவிட்டது.

ஸ்டோருக்குப் பின்னால், அவருடைய குவார்ட்டஸை ஒட்டி, ஒரு வரிசைத் தேயிலைச் செடிக்கு மேல் கறுப்பு வலை கட்டினார். நாற்று வளர்க்கும் தவறணையில் கன்றுகளுக்கு வெயில் படாமல் கட்டுவார்களே, அதே வலை. நிழலில் வளர்ந்த தளிரில் அவருடைய தியானின் எவ்வளவு நிற்கிறது என்று பார்க்க ஆசை. வலை கட்டியதைத் துரையிடம் சொல்லியிருந்தார். கொழுந்து கிள்ளப் போவதை மட்டும் சொல்லவில்லை.

"ஸ்டோர்ல செஞ்சா எல்லாருக்கும் தெரிஞ்சிரும். நல்லா வராட்டி தொரை முன்னுக்குக் கேவலம். வந்துச்சுன்னா அப்புறம் சொல்லிக்கலாம். பகல் சாப்பாட்டு நேரத்துல நீ ரெண்டு கைப்பிடி கிள்ளிக்க புள்ள. வீட்டுக்குக் கொண்டுபோயி புட்டுப் பானையில ஆவி காட்டி, ரொட்டிக் கல்லுல லேசாக் காய வச்சுக் கொண்டா."

"அம்மா கேப்பாங்களே ஐயா."

"ஸ்டோர்ல வீசுற கொழுந்துன்னு சொல்லு. அம்மாகிட்டயும் இப்ப சொல்ல வேணாம்."

நான் சொன்னேன். பிறந்ததிலிருந்து அம்மாவிடம் நான் சொன்ன பெரிய பொய் அதுதான். அதுவும் இரவல் பொய். மூன்று தடவை புட்டுப் பானையில் அவித்துக் காய வைத்துக் கொடுத்தேன். மூன்றாவது தடவை கோப்பையை மூக்கடியில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். வந்துவிட்டது என்றார். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். மாதிரிக்காகக் கொழும்புக்கு அனுப்பவேண்டும், இன்னும் ஒரே ஒரு தடவை என்றார்.

அந்த நாலாவது தடவைதான் ஸ்டோர் கேற்றில் காவல் நின்ற வாச்சர் என் சாப்பாட்டுப் பையைத் திறந்து பார்த்தார்.

தோட்டத்தில் பிறக்காதவர்களுக்கு இது விளங்காது. அன்றாடம் கூடை கூடையாகக் கிள்ளிக் கொடுக்கிற கொழுந்தில் ஒரு கைப்பிடி வீட்டுக்குப் போனால் அது களவு. வேலையை நிறுத்திவிடுவார்கள். வேலை போவதுகூடப் பெரிதில்லை, கொழுந்து களவெடுத்தவள் என்ற பேர் பேரப்பிள்ளை வரை ஒட்டிக்கொண்டு வரும்.

மறுநாள் காலை ஆபீசில் விசாரணை. பெரிய துரை, வாச்சர், தொழிற்சங்கத் தலைவர், அம்மா, நான். துரை சிங்களவர். தோட்டம் தோட்டமாக வேலை பார்த்து எங்கள் தமிழை எங்களைப் போலவே பேசுவார். மேசைமேல் என் சாப்பாட்டுப் பை. உள்ளே கொழுந்து வாடிக் கறுத்திருந்தது. வெளியே மழை.

"ஒன்ன யாரு எடுக்கச் சொன்னது?" என்று துரை கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து அவர் உள்ளே வந்தார். என் தோளுக்குப் பக்கத்தில் நின்று, "கொதி அடங்கட்டும் புள்ள. நான் பேசுறேன்" என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வாயை மூடிக்கொண்டேன். அப்படி மூடியதற்காக இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

அவர் எப்போதும்போல் நிதானமாகப் பேசினார். "சார், இந்தப் புள்ளைக்கு மண்ணு சரிஞ்சதுலயிருந்து படபடப்பு. ஆஸ்பத்திரியில மருந்து எடுக்குது. பச்சத் தேயிலையில மனசுக்கு நல்ல சத்து இருக்குதுன்னு நாந்தான் சொல்லி வச்சேன். அது என் தப்பு. மருந்துக்குன்னு நெனச்சு எடுத்திருக்கலாம்."

எடுத்திருக்கலாம். என்னிடம் எழுதச் சொல்லிக் கற்றுக்கொடுத்த அதே 'லாம்'. அதில் ஒரு பொய்கூடக் கிடையாது. கேட்கிறவர் தானாகப் பொய்யை எடுத்துக்கொள்வார், சொன்னவர் கை சுத்தம்.

"ஐயாதானே எடுக்கச் சொன்னீங்க? அம்மாகிட்டகூட சொல்லாதன்னீங்களே?" என்று கத்தினேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. கை உதறியது. மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

அவர் என்னைப் பார்க்கவில்லை. துரையைப் பார்த்துச் சிங்களத்தில் மெல்ல, "பவ், சார்" என்றார். பாவம் என்று அர்த்தம். சிங்களத்திலும் அந்த ஒரே சொல்தான், செய்கிற பாவத்துக்கும் பார்த்துப் படுகிற பாவத்துக்கும். எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள். அதற்கு மேல் நான் என்ன சொன்னாலும் அது வியாதி பேசுகிற பேச்சு.

பிறகு எனக்காக அவரே மன்றாடினார். வேலையை நிறுத்த வேண்டாம், ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு விட்டுவிடலாம் என்றார். கடிதத்தைச் சிங்களத்தில் அடித்தார்கள். தலைவர் அதை என் முன்னால் தள்ளி, "போடும்மா கையெழுத்து. ஐயா புண்ணியத்துல தப்பிச்ச" என்றார். எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியும். அந்தக் கடிதத்தில் 'லாம்' எங்கேயும் இல்லை. தோட்டத்துக் கொழுந்தைக் களவாக எடுத்தேன் என்றுதான் இருந்தது. அம்மா அழுதுகொண்டு நின்றாள். நான் கையெழுத்துப் போட்டேன்.

அம்மா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். என் கண் முன்னாலேயே.

வீட்டுக்கு ஏறும்போது பாதி வழியில் நின்று கேட்டாள். "ஸ்டோர்ல வீசுறதுன்னுதானே எங்கிட்ட சொன்ன?"

"அப்புடிச் சொல்லச் சொன்னதே அவருதாம்மா. அவருக்குத்தான் அவிச்சுக் குடுத்தேன்."

"ஒனக்குன்னு அவிச்சுக் குடிச்சிட்டு அவருக்குங்கிறியா? ஒன் வேலைய காப்பாத்துன மனுசன் மேலயே பழி போடுறியேடி. ஒன்ன களவாணியாவா வளத்தேன்?"

வேலை போயிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் செய்ததைக்கூட, ஒரு பயந்தாங்கொள்ளி செய்த வேலை என்று நினைத்து ஆறியிருப்பேன். அம்மா என்னை நம்பவில்லை. நான் இழந்தது அதுதான். அதைத் திருப்பித் தரக்கூடியவர் ஒரே ஒருவர், அவரோ மேசையில் கேத்தலை இறக்கி வைத்துவிட்டுக் கொதி அடங்கக் காத்திருந்தார்.

என்னை ஸ்டோரிலிருந்து எடுத்துக் கொழுந்து எடுக்க மலைக்கு அனுப்பினார்கள். யாரும் கள்ளி என்று சொல்லவில்லை. பாவம் என்றார்கள். நான் அருகே வந்தால் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். வழியில் அவரைக் கண்டால், "எப்புடி புள்ள, இப்ப தூங்குறியா?" என்று அதே அன்போடு கேட்பார். அந்த அன்பு பொய்யென்று எனக்குத் தோன்றவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல். பிறகு அவர் ஸ்டோரிலேயே செய்து அனுப்பிய மாதிரி கொழும்பில் பிடித்துப்போய்ப் புதுப் பாக்கெட் வந்ததைப் பாக்கெட் அறைத் தோழி ஒருத்தி போனில் படம் பிடித்து அனுப்பினாள். நிழல் கொழுந்து, விசேஷத் தயாரிப்பு. கீழே தமிழில் என்னுடைய வரி. மனதுக்கு அமைதி தரலாம்.

பச்சைத் தேயிலையை நான் விடவில்லை. இப்போதும் காலையில் ஒரு கோப்பை குடிக்கிறேன், மாத்திரையும் போடுகிறேன், மழைப் பயம் பெருமளவு குறைந்திருக்கிறது. இலை எனக்கு ஒரு துரோகமும் செய்யவில்லை.

மூன்று வருடம் கழித்து அவர் ஓய்வு பெற்றார். சொந்த ஊருக்குப் போகும் முன் லயம் லயமாகப் போய்ச் சொல்லிக்கொண்டு வந்தார். ஒரு மத்தியானம் எங்கள் வாசலிலும் வந்து நின்றார். கையில் அந்தப் பாக்கெட். அம்மா கதிரையைச் சேலைத் தலைப்பால் துடைத்துப் போட்டு, "ஐயாவுக்குத் தேத்தண்ணி போடுடி" என்றாள். நான் நகரவில்லை.

அவர் பாக்கெட்டை அம்மா கையில் கொடுத்தார். "இதையே போடச் சொல்லுங்க. இதுக்கு இவ கைதான். ஸ்டோர்ல எத்தன மிஷினு வச்சும் என்னா, இவ புட்டுப் பானையில வந்த மணம் இன்னிக்கு வரைக்கும் வரல."

பாராட்டத்தான் சொன்னார். போகிற நேரத்தில் மனம் இளகியிருந்தது போல. வாழ்நாள் முழுக்கக் கொதி அடங்கிய பிறகே வாயைத் திறந்த மனிதர், அன்றைக்கு ஒரு முறை அவசரப்பட்டுவிட்டார்.

அம்மா பாக்கெட்டைப் பிடித்தபடியே நின்றாள். நான் அடுப்படிக்குப் போனேன். கேத்தல் தளதளவென்று கொதிக்கும்வரை நின்றேன். இறக்கி வைக்கவில்லை. அப்படியே தூக்கிக்கொண்டு வந்து அவர் கண் முன்னால் கோப்பையில் இலையைப் போட்டு ஊற்றப் போனேன். அவர் கை தானாக நீண்டது.

"கொதி அடங்கட்டும் புள்ள."

"அடங்கலைங்க ஐயா" என்று சொல்லி ஊற்றினேன். இலை வெந்து தண்ணீர் மஞ்சளித்தது.

அம்மா அப்போதுதான் பேசினாள். "எங்க வூட்டுப் புட்டுப் பானைய பத்தி ஐயாவுக்கு எப்புடித் தெரியும்?"

அவர் கோப்பையை எடுத்தார். சூடு உதட்டைச் சுட்டிருக்கும், துவர்ப்பு நாக்கைப் பிடித்திருக்கும். முகம் மாறாமல் கடைசிச் சொட்டுவரை குடித்தார். அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்ட கேள்வியை இன்னொரு தடவை கேட்கவில்லை.

அவர் எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பி நின்றார். எங்கள் வாசலுக்கு வந்த எவரையும், காணிக்கை கேட்டு வருகிறவரைக்கூட, "போயிட்டு வாங்க" என்று சொல்லாமல் அம்மா அனுப்பியதில்லை. அந்தச் சொல்லுக்காகத்தான் அவர் நின்றார் என்று நினைக்கிறேன். மலைப்பக்கம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. அம்மா பாக்கெட்டைக் கதிரையில் வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மழ வருது" என்றாள். "போங்க."